சவுனாவில் இருந்தபடி வண்டி ஓட்டியவர்

எங்கள் மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு வண்டியில் ஏற வேண்டியதில்லை. உடம்பில் துணி இருக்க வேண்டியதும் இல்லை. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் ஜூரியாகக் கூடி உட்கார்ந்து, அரசாங்கம் வாங்கிக் கொடுத்த வான்கோழி சாண்ட்விச்சைத் தின்று முடித்து, ஒருவர்கூட மறுக்காமல் எடுத்த முடிவு இது. அந்த முடிவுக்கு ஆளானவர் என் பக்கத்து வீட்டு ரெய்னோ கல்லியோ.

நான் வெர்ன். எல்லை ஆற்றங்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். உயிர்மீன், புழு, உறைந்த ஆற்றில் ஓட்டை போடும் துரப்பணம் எல்லாம் கிடைக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கனடா. நடுவில் ஒரு பாலம். பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு சோதனைச் சாவடி. ரெய்னோவின் ஒரே மகள் ஐலி ஒரு கனடாக்காரனைக் கட்டிக்கொண்டு அக்கரையில் குடியிருந்தாள். எங்கள் கரையில் நின்று பார்த்தால் அவள் வீட்டுப் புகைபோக்கி தெரியும்.

ரெய்னோவை உத்தமர் என்று நான் சொல்ல மாட்டேன். மனைவி செத்த பிறகு இரண்டு வருடம் தண்ணியில் மிதந்தார். மூன்று முறை வண்டியோடு பிடிபட்டார். "மூணும் சரியான கேஸுடா வெர்னு. யாரையும் கொல்லாம விட்டது என் சாமர்த்தியம் இல்ல, அவங்க அதிர்ஷ்டம்" என்று அவரே சொல்வார். அந்த மூன்றுக்காகக் கனடா அவரைப் பாலத்தில் திருப்பி அனுப்பியது. வருடக்கணக்கில் மனு போட்டு, மன்றாடி, திருந்திவிட்டார் என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்கினார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் வந்தார்.

குடியை அடியோடு விட்டாரா என்றால் இல்லை. ஆனால் ஒரு விதி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மட்டும், வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் அறைக்குள் மட்டும். முதலில் கால்சட்டையைக் கழற்ற வேண்டும், பிறகுதான் பீர் திறக்க வேண்டும். "அம்மணமா இருக்கிற மனுஷன் எங்கடா வண்டி ஓட்டப் போறான்?" என்பார். ஒன்பது வருடத்துக்கு மேல் அந்த விதி அவரைக் காப்பாற்றியது. எங்கள் சட்டப்படி, பத்து வருடத்துக்குள் நான்காவது முறை பிடிபட்டால் அது பெருங்குற்றம். பத்து முடிய ஒரு பனிக்காலம்தான் பாக்கி இருந்தது.

அந்தப் பனிக்காலத்தில்தான் ஐலிக்கு ரத்தத்தில் புற்று என்று தெரிந்தது.

சனிக்கிழமை பிற்பகல். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. நானும் ரெய்னோவும் சவுனாவில் சூடான கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தோம். அவர் நான்காவது பீரில் இருந்தார். கதவு தட்டும் சத்தம். ஷெரிப் அலுவலக ஆள் ட்ரெவர். ட்ரவுசர் போட்ட வயதிலிருந்து எங்களுக்குத் தெரிந்த பையன், இப்போது இடுப்பில் துப்பாக்கி. மீசையில் பனி உறைந்து நின்றது.

"மாமா, என் கார் ரோட்ல செத்துப்போச்சு. பேட்டரி காலி. ஒரு ஜம்ப் கொடுங்க மாமா, விறைச்சுச் சாகப் போறேன்."

ஜம்ப் என்றால் ஓடும் வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுச் செத்த காரைக் கிளப்புவது. எங்கள் ஊரில் இந்தக் குளிரில் ஜம்ப் கேட்டவனுக்கு இல்லை என்று சொன்னவன் கிடையாது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடினவனாக இருந்தாலும் முதலில் கேபிளை மாட்டுவோம், அப்புறம்தான் அடிப்போம். ரெய்னோ துண்டைச் சுற்றிக்கொண்டு ஆணியில் தொங்கிய கால்சட்டையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். ஜன்னலுக்கு நேரே நீட்டி அமுக்கினார். முற்றத்தில் அவருடைய டிரக் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. இந்தக் குளிரில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். வண்டி சூடாகட்டும் என்று உள்ளே இருந்தே கிளப்பிவிடுவோம்.

"ட்ரெவரு, நான் குடிச்சிருக்கேன். நான் ஏற மாட்டேன். நீயே ஓட்டிக்கிட்டுப் போய் மாட்டிக்கோ. கேபிள் சீட்டுக்குப் பின்னால இருக்கு. இந்தா, என் கையுறையையும் போட்டுக்கோ."

ட்ரெவர் போனான். அவன் கார் உயிர்பெற்றது. டிரக்கைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி சவுனாவுக்குள் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. ரிமோட்டை அமுக்கினது நீங்கதானே?"

"பின்ன யாரு, உன் தாத்தாவா?"

"நீங்க குடிச்சிருக்கீங்கன்னு உங்க வாயாலேயே சொன்னீங்க. நான் யூனிபார்ம்ல இருக்கேன், கேமரா வேற ஓடுது. நான் பாத்ததைப் பாக்கலைன்னு சொன்னா என் வேலை போயிடும்."

"டேய், இப்பதானே உனக்கு ஜம்ப் கொடுத்தேன்!"

"அதைத்தான் மாமா ரிப்போர்ட்ல எழுதணும்."

துண்டோடு நிற்க வைத்து ஊதச் சொன்னான். ஊதினார். ரெய்னோவின் பேட்டரியில் கிளம்பின காரிலேயே ரெய்னோவை ஏற்றிக்கொண்டு போனான். அவருடைய கையுறையைக் கழற்றித் தரவும் மறந்துவிட்டான்.

*

விசாரணை வசந்தத்தில் நடந்தது. அரசு வக்கீல் மிஸ் க்ரோன், நல்ல உயரம், நல்ல குரல். ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஏதோ செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"ஜூரிகளே, இந்தக் கருவி முன்னூறு அடி தூரம் வேலை செய்யும். அப்படின்னா குற்றம் சாட்டப்பட்டவரோட கை முன்னூறு அடி நீளம். அந்தக் கை குடிபோதையில இருந்துச்சு. நம்ம குழந்தைங்க நடமாடற ஊர்ல முன்னூறு அடி நீளமுள்ள குடிகாரக் கை ஒண்ணு அலைஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா?"

ஒரு ஜூரி அம்மாள் தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

ரெய்னோவுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த வக்கீல் பெயர் பிக்ஃபோர்ட். கெட்டிக்காரர், நல்ல மனிதர். ஆனால் அன்று காலை அவருக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. விசாரணையைத் தள்ளி வைக்கும்படி கேட்கப் போனார். கேட்பதற்குக் குரல் இல்லாததால் அந்தக் கோரிக்கை எழவில்லை என்று முடிவாகி, விசாரணை தொடங்கிவிட்டது.

நீதிபதி ஓவர்டன் கடைசியில் ஜூரிக்குச் சட்டம் சொன்னார். "வண்டியை இயங்க வைக்கிற சக்தி யார்கிட்ட இருக்கோ, அவர் எங்க இருந்தாலும், என்ன உடுத்தியிருந்தாலும், உடுத்தாமலே இருந்தாலும், அவர்தான் ஓட்டுநர்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிக்ஃபோர்ட் துள்ளி எழுந்தார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. கையைத் தூக்கினார். கூரையைத் தொடப் போகிறவர் மாதிரி நுனிக்காலில் நின்று ஆட்டினார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மிஸ்டர் பிக்ஃபோர்ட், இடைவேளை வரைக்கும் அடக்கிக்குங்க. கழிப்பறைக்கு அப்புறம் போகலாம். எல்லாருக்கும் இருக்கிற கஷ்டம்தான்."

பிக்ஃபோர்ட் ஒரு தாளில் 'ஆட்சேபிக்கிறேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிப் பிடித்தார். காவலர் வந்து அதை வாங்கி நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நீதிமன்றத்துக்குள் பதாகை பிடிக்கக் கூடாது என்பது விதி. முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டெழுதிக்கொண்டிருந்த பெண், பேசினதை மட்டும் எழுதினாள். அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை அது.

பெருங்குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. சில மாதம் உள்ளூர்ச் சிறை, ஏழு வருடம் கண்காணிப்பு. லைசென்ஸ் பிடுங்கப்பட்டது. ஆனால் ரெய்னோ கேட்டது ஒரே கேள்விதான்.

"ஐயா, பாலம்? என் பொண்ணைப் பாக்கப் பாலத்தைத் தாண்டிப் போலாமா?"

"அது வேற நாட்டு விஷயம். இந்தக் கோர்ட்டு வேற நாட்டுல தலையிடாது," என்றார் நீதிபதி ஓவர்டன். அவர் குரலில் அவ்வளவு மரியாதை.

*

சிறையிலிருந்து வந்த வாரமே நான் அவரைப் பாலத்துக்கு அழைத்துப் போனேன். சாவடியில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட அழுதான். "ரொம்ப மன்னிக்கணும் சார். பெருங்குற்றம்னு காட்டுது. உங்களை உள்ள விட்டா என்னை வெளிய விட்டுடுவாங்க. ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்." திரும்பிப் போக வழி காட்டி, ஒரு மிட்டாயும் கொடுத்தான்.

அடுத்த பனிக்காலம் ஆறு உறைந்தபோது, இருட்டினதும் நடந்தே போய்விடலாமே என்று நான்தான் சொன்னேன். கால் மணி நேர நடை.

"போலாம்டா. பிடிச்சா ஐலி வீட்டு வாசல்ல வச்சு விலங்கு போடுவான். ஏற்கனவே முடியெல்லாம் கொட்டிக் கிடக்கிறா. அதையும் அவ பாக்கணுமா?" என்றார்.

இதற்கிடையில் கண்காணிப்பு அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது. குற்றவாளி, தன்னால் பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் யாருமே இல்லை என்று ரெய்னோ சொன்னார். அப்படி ஒரு நிலை தங்கள் படிவத்தில் கிடையாது என்று அலுவலக அம்மாள் சொன்னாள். கடைசியில், சமூகம்தான் பாதிக்கப்பட்டது, சமூகத்தின் சார்பில் சம்பவ இடத்தில் இருந்தவர் வரலாம் என்று தீர்மானித்து, ட்ரெவரை வரவழைத்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உனக்கு ஜம்ப் கொடுத்ததுக்கு என்னை மன்னிச்சிடுடா," என்றார் ரெய்னோ.

"பரவாயில்ல மாமா," என்றான் ட்ரெவர். அழுதுவிட்டான். "இந்தாங்க மாமா, உங்க கையுறை."

அலுவலக அம்மாள் கை தட்டினாள். அந்த ஆண்டின் சிறந்த சமரசம் என்று அதை மாவட்டத்துக்கு எழுதி அனுப்பினாளாம்.

*

மேல்முறையீட்டுக்குத் தலைநகரிலிருந்து ஒரு வக்கீல் கிடைத்தாள். டெலியா மார்ஷ். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"மேல்கோர்ட்ல நீங்க வண்டி ஓட்டுனீங்களா இல்லையான்னு கேக்க மாட்டாங்க."

"பின்ன என்னம்மா கேப்பாங்க?"

"கீழ்க்கோர்ட்ல தப்பு நடந்துச்சா, நடந்தப்போ உங்க வக்கீல் அங்கேயே ஆட்சேபிச்சாரா, ஆட்சேபிச்சது எழுத்துல இருக்கான்னு கேப்பாங்க. ஆட்சேபிக்காத தப்பு, தப்பே இல்ல."

"கையைத் தூக்கினாரேம்மா! ஊரே பாத்துச்சு."

"ஊர் பாத்தது எழுத்துல இல்லையே."

வழக்கு எடுக்கப்பட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஐலி இரண்டு முறை தேறி, இரண்டு முறை விழுந்தாள். பாலத்தைத் தாண்டி அவள் இங்கே வர டாக்டர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெய்னோ ரொட்டி சுட்டு என்னிடம் கொடுப்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொள்வார். என்ன சொன்னாள், எவ்வளவு தின்றாள், உட்கார்ந்திருந்தாளா படுத்திருந்தாளா. நான் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

விசாரணை நாளில் ரெய்னோ கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பொட்டலத்தில் புகைபோட்ட மீன். நீதிபதிகளுக்கு. வாசலில் காவலர் அதை முகர்ந்து பார்த்து, லஞ்சமா வெடிகுண்டா என்று மேலதிகாரியிடம் கேட்டு, இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் பறிமுதல் செய்தார். மாடியேறும்போது கீழே பார்த்தேன். காவலரும் மேலதிகாரியும் தின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்று நீதிபதிகள். மேடை அவ்வளவு உயரம், தலை மட்டும்தான் தெரிந்தது. வக்கீல்கள் நிற்கும் இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள், தெருமுனையில் இருப்பது போலவே. நடு நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார்.

"இந்த நீதிமன்றம் எதையும் பார்க்காது, யாரையும் கேட்காது. பதிவானதைப் படிக்கும், அவ்வளவுதான். மிஸ்டர் கல்லியோ வண்டி ஓட்டினாரா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வதும் முறையல்ல. என் முப்பது வருட சேவையில் ஒரு உண்மைகூட என் தீர்ப்பைப் பாதித்தது கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்."

ரெய்னோ என் காதில், "அப்ப நான் எதுக்குடா வந்தேன்?" என்றார். காவலர் உதட்டில் விரலை வைத்தார். வாயில் மீன் வாசனை.

இடப்பக்கம் இருந்த நீதிபதி அம்மாள், இங்கே அரசுக்காக வாதாட வந்திருந்த இளம் வக்கீலைக் கேட்டாள். "ரிமோட் இல்லாமல், அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து வண்டியைக் கிளப்பச் சொல்லியிருந்தால்?"

"அதுவும் ஓட்டுவதுதான், மேடம். போன்தான் ரிமோட்."

"வண்டி தானாகக் கிளம்ப வேண்டும் என்று கடவுளை வேண்டியிருந்தால்?"

அரசு வக்கீல் தயங்கினான். "வேண்டுதல் பலித்ததா என்பதைப் பொறுத்தது, மேடம். பலித்திருந்தால் அரசு வழக்குப் போடும். ஆண்டவர் மீது போடுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை."

மூவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

டெலியா எழுந்தாள். சட்டம் தவறாகச் சொல்லப்பட்டது, வக்கீல் கையைத் தூக்கி ஆட்சேபித்தார் என்று வாதாடினாள். வலப்பக்க நீதிபதி காகிதத்தைப் புரட்டினார்.

"பதிவில் கை எங்கேயும் இல்லையே. கழிப்பறைதான் இருக்கிறது. 'அடக்கிக்குங்க' என்று கீழ்க்கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆக, வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. அவருக்கு அவசரம்."

"இல்லை ஐயா, அவருக்குத் தொண்டை—"

"தொண்டையும் பதிவில் இல்லை."

அப்போது இடப்பக்க அம்மாள் முன்னால் சாய்ந்தாள். "பொறுங்கள். அவசரத்தை அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு வக்கீலால் கட்சிக்காரருக்காக முழு மனதோடு வாதாட முடியுமா?"

மூன்று தலைகளும் நிமிர்ந்தன. அதுவரை அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள், அப்போதுதான் ஒரு வழக்கு நடக்கிறது என்று கண்டுகொண்டதுபோல இருந்தது.

"நல்ல வக்கீல் எதையும் அடக்கிக்கொண்டே வாதாடுவார் என்பது அரசின் நிலைப்பாடு," என்றான் அரசு வக்கீல்.

நடு நீதிபதியின் முகம் சிவந்தது. "இளைஞரே, எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்த நாற்காலியில் மணிக்கணக்காக உட்காருகிறேன். அந்த வேதனை என்னவென்று எனக்குத் தெரியும். சொந்த அனுபவத்தில் தெரியும்!"

டெலியா மறுபடி தொண்டையைப் பற்றிப் பேச வாயெடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளியே படிக்கட்டில் ரெய்னோ அவளைப் பிடித்துக்கொண்டார். "அந்தாளுக்கு ஒண்ணுக்கு வரலம்மா. தொண்டை கட்டிக்கிச்சு, அவ்வளவுதான். போய்ச் சொல்லு."

"சொன்னா தோத்துடுவோம், மிஸ்டர் கல்லியோ."

"அப்ப பொய் சொல்லி ஜெயிக்கணுமா?"

"பொய் இல்ல. பதிவு."

ரெய்னோ கல்யாணக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். "சரி விடு. எனக்கு என் பொண்ணைப் பாக்கணும். அவரு எதுக்கு வேணாலும் கையைத் தூக்கியிருக்கட்டும்."

*

தீர்ப்பு இலையுதிர்காலத்தில் வந்தது. ஜெயித்துவிட்டோம். நாற்பது பக்கம். நீதிமன்றக் கழிப்பறைகளின் வரலாறு பதினைந்து பக்கம். இடைவேளை என்ற உரிமையின் தத்துவம் பத்துப் பக்கம். இயற்கையின் அழைப்பை மறுக்கப்பட்ட வக்கீல், வக்கீலே இல்லாததற்குச் சமம், ஆகவே தண்டனை ரத்து. ரெய்னோ டிரக்கில் ஏறவே இல்லை என்பது ஓர் அடிக்குறிப்பில் இருந்தது, 'இவ்வழக்குக்குத் தொடர்பற்றது' என்று.

பிக்ஃபோர்ட் என் கடைக்கு வந்து கத்தினார். இப்போது குரல் கணீரென்று இருந்தது. "எனக்கு வரவே இல்ல வெர்ன்! சத்தியமா வரல! இனிமே சட்டக் கல்லூரியில என் பேரைச் சொல்லி இதைத்தான் பாடம் நடத்துவாங்க!" நான் அவருக்கு ஒரு காப்பி கொடுத்தேன். குடித்தால் வந்துவிடும் என்று பயந்து பாதியில் வைத்துவிட்டார்.

அன்று மாலை ஐலி கூப்பிட்டாள். போனை ரெய்னோ காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், எனக்கும் கேட்டது.

"அப்பா, ஜெயிச்சுட்டீங்களாமே."

"ஆமாடா கண்ணு. ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

"ரொட்டி வேணாம்பா. வாயெல்லாம் புண்ணு. சும்மா வாங்க. சும்மா வந்து பக்கத்துல உக்காருங்க."

பெட்டியெல்லாம் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை டெலியா கூப்பிட்டாள். தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் முப்பது நாள் கழித்துத்தான் அது தீர்ப்பு. அதுவரை அரசு அதை எதிர்த்து மேலே போகலாமா என்று யோசிக்கும் காலம். அதுவரை ரெய்னோ பெருங்குற்றவாளிதான்.

நான் அவரை நேரே மிஸ் க்ரோனிடம் கூட்டிப் போனேன். அவள் அன்பாகத்தான் பேசினாள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

"கவலையே படாதீங்க. நாங்க எதிர்த்துப் போகப் போறதில்ல."

"அப்ப அதை எழுதிக் கொடுங்கம்மா. பாலத்துல காட்டறேன்."

"அது எப்படி? எழுதிக் கொடுத்தா யோசிக்காம முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். போகாம இருக்கறதுக்கும் எங்களுக்கு முழு அவகாசம் வேணும். அது மக்களோட உரிமை."

"நீங்க யோசிக்கறீங்களா இப்ப?"

"இல்லையே. அவகாசம் ஓடிக்கிட்டிருக்கு."

"என் பொண்ணு சாகக் கிடக்கறாம்மா."

மிஸ் க்ரோன் தன் மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கும் பொண்ணு இருக்கு, மிஸ்டர் கல்லியோ. அதனாலதான் நான் விதியை மீற மாட்டேன். எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே விதிதானே இருக்கணும்?"

முப்பது நாளைக் குறைக்கும்படி டெலியா மனுப் போட்டாள். மனுவுக்குப் பதில் சொல்ல அரசுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது. அரசு, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்வதற்கு அந்த அவகாசத்தை முழுக்க எடுத்துக்கொண்டது.

ஐலி மூன்றாவது வாரம் வியாழக்கிழமை விடியும் நேரத்தில் போய்விட்டாள்.

அடக்கம் சனிக்கிழமை அக்கரை தேவாலயத்தில் நடந்தது. நான் போகவில்லை. போயிருக்கலாம், எனக்குப் பாலம் திறந்தே இருந்தது. ரெய்னோவைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. என் கடையில்தான் போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். உயிர்மீன் தொட்டிகளுக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை மார்செல் அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பாட்டு கேட்டது, அப்புறம் பாதிரியார் பேசுவது. தொட்டி மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நான் மோட்டாரை நிறுத்தினேன். அன்றைக்குச் செத்த மீன்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பெட்டியை இறக்கும் நேரத்தில் தொடர்பு அறுந்துவிட்டது. ரெய்னோ போனைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

முப்பதாவது நாள் முடிந்ததும் தாள் வந்தது. மிஸ் க்ரோன் தானே போன் செய்தாள். "வாழ்த்துகள், மிஸ்டர் கல்லியோ. வழக்கையும் நாங்க வாபஸ் வாங்கிட்டோம். நம்ம அமைப்பு நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நீங்களே பாத்துட்டீங்க."

ரெய்னோ போனை என்னிடம் நீட்டினார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

லைசென்ஸுக்குத் தனி மனு, தனி அவகாசம். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான்தான் வண்டி ஓட்டினேன். பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு புதுப் பெண் இருந்தாள். சின்ன வயது, சிரித்த முகம்.

"உங்க மேல குற்ற வழக்கு ஏதாவது இருக்கா சார்?"

"இல்ல."

கணினியைத் தட்டிப் பார்த்தாள். "ஆமா, பழசு மன்னிச்சாச்சு, வேற ஒண்ணுமே இல்ல. எங்க போறீங்க?"

"என் பொண்ணைப் பாக்க."

"ஓ, நல்லது! பாத்து ரொம்ப நாளாச்சோ?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

"அப்ப நல்லா நிறைய நேரம் இருந்துட்டு வாங்க. எவ்வளவு நேரம்னு போட்டுக்கட்டும்?"

ரெய்னோ யோசித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன்.

"எனக்குத் தெரியலயேம்மா. இங்கெல்லாம் கல்லறைத் தோட்டத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?"